வகுப்பறையில் குடியாட்சி

குடிமைப் பாடம் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுள் பலருக்கு ஓர் அயர்வு தோன்றும் என்பதை நான் அறிவேன். மாநிலங்களவை உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டு; மக்களவைக்குப் போட்டியிட 25 வயது; குடியரசுத் தலைவராக 35 வயது. இவ்வாறு எண்களை அடுக்கி மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையிலேயே மறந்துவிடுகின்ற பாடம் என்று அது பெயர் பெற்றுவிட்டது. "வரலாற்றில் போர் வருகிறது, புவியியலில் மலையும் கடலும் வருகின்றன, இந்தப் பாடத்தில் யாருமே வருவதில்லையே, ஐயா!" என்று ஒரு மாணவன் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான். உண்மையில் அந்தப் பாடத்தில் வருகின்றவன் அவனே. அதனை அவன் காணும்படி செய்வது எவ்வாறு என்பதே இன்று நான் உங்களோடு ஆராய விரும்பும் பொருள்.

ஆண்டுதோறும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் என் மாணவர்களிடம் ஆளுக்கொரு துண்டுத் தாளைக் கொடுத்து, "சட்டம் என்றதும் உன் மனத்தில் எழும் முதற்சொல்லை எழுது" என்று கேட்பது என் வழக்கம். போலீஸ், சிறை, தண்டனை, அபராதம் என்னும் சொற்களே பெரும்பாலான தாள்களில் இருக்கும். பாதுகாப்பு என்று எழுதுவோர் ஓரிருவர் இருப்பர். உரிமை என்று எழுதுவோர் அவரினும் குறைவு. சட்டம் என்பது மேலிருந்து யாரோ நம்மேல் வீசுகின்ற கயிறு என்ற எண்ணமே அந்தத் தாள்களில் தெரிகின்றது. அக்கயிற்றின் ஒரு முனை தன் கையிலும் இருக்கிறது என்று மாணவன் உணர்வானாயின் குடிமைக் கல்வியின் பாதி முடிந்துவிட்டது என்பேன்.

குடி என்ற சொல் தமிழில் மிகப் பழமையானது. ஆனால் பழங்காலத்துக் குடிக்கும் இக்காலத்துக் குடிமகனுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. நெல்லையும் நீரையும் உயிர் என்று கொள்ளாமல், மன்னனையே உலகத்துக்கு உயிராகக் கொண்டார் புறநானூற்றுப் புலவர் மோசிகீரனார். மன்னன் உயிர், குடிகள் உடல். மன்னன் நல்லவனாயின் குடிகள் வாழ்ந்தனர், கொடியவனாயின் வாடினர். அவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று புலவர் அறிவுரை கூறலாமே அன்றி, அவனை மாற்றும் வழி குடிகளுக்கு இல்லை.

நம் அரசியலமைப்பு 1949ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏற்கப்பட்டு, 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை ஒரே ஒரு நீண்ட வாக்கியம். தமிழாசிரியர் இலக்கண வகுப்பில் கேட்பது போல அதன் எழுவாய் யாது என்று கேட்டுப் பாருங்கள். மன்னரும் அன்று, நாடாளுமன்றமும் அன்று. இந்திய மக்களாகிய நாம் என்பதே எழுவாய். இந்த அரசியலமைப்பைத் தருவோர் யார்? நாம். யாருக்குத் தருகிறோம்? நமக்கே. கொடுப்போரும் கொள்வோரும் ஒருவராகவே அமைந்த அந்த வாக்கியம், குடி என்பவனைக் குடிமகன் ஆக்கிற்று.

எழுதிவிட்டால் போதுமா? வாழ்க்கையில் அது வந்தாக வேண்டுமே. 1951ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நம் நாட்டில் 100க்கு 18 பேரே எழுத்தறிந்தவர். அந்த நாட்டில் சொத்து, கல்வி, சாதி, ஆண் பெண் என்னும் வேற்றுமை எதுவும் பாராமல் 21 வயது நிரம்பிய அனைவர்க்கும் வாக்குரிமை என்று முடிவு செய்தனர். 1951ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1952ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நடந்த அந்த முதற்பொதுத் தேர்தலில் வாக்காளர் தொகை ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம். எழுத்தறியாதாரும் தம் எண்ணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகச் சின்னங்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் அவருடைய சின்னம்.

அத்தேர்தலில் நிகழ்ந்த ஒன்றை நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விடுவதில்லை. பட்டியல் எழுத வீடு வீடாகச் சென்ற அலுவலர்களிடம், பெரும்பாலும் வட மாநிலங்களில், எத்தனையோ பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்தனர். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அவ்வாறு எழுதப்பட்ட பதிவுகளை ஏற்பதற்கில்லை என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்தத் தேர்தலில் அவர்கள் வாக்கிழந்தது வருந்தத்தக்கதே. ஆயினும் அந்த விதியின் பொருளை எண்ணிப் பாருங்கள். அரசின் முன் ஒருத்தி இன்னார் மனைவியாகவோ இன்னார் மகளாகவோ அன்றித் தன் பெயரோடு, தானாகவே நிற்க வேண்டும் என்கிறது அது. வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடும்போது நீங்கள் "உள்ளேன் ஐயா" என்கிறீர்களே, அது வெறும் வழக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். தனிப்பெயரோடு எண்ணப்படுவது குடிமையின் முதற்படி. வாக்களிக்கும் வயது 1989ஆம் ஆண்டு முதல் 18 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே பள்ளியை விட்டு வெளியேறிய சிறிது காலத்திலேயே அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் ஏறும்.

இனி, குடியாட்சி என்பது யாது? தமிழகத்து மாணவரைக் கேட்டால் உடனே உத்தரமேரூரைச் சொல்வார்கள். பெருமைக்குரியதுதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுக்கள் அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தனர். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கின்றது. கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா? அதற்காகவே இந்த விதி. வாங்கியவர் உரக்கப் படிக்க, உடனிருந்தோரும் படித்தனர்.

இப்பகுதியைக் கற்பிக்கும்போது, "பத்தாம் நூற்றாண்டிலேயே நம்மிடம் தேர்தல் இருந்தது" என்ற பெருமிதத்தோடு நின்றுவிட்டால் கற்க வேண்டியதைக் கற்கவில்லை என்றே பொருள். இரண்டு கேள்விகளை மாணவர் கேட்க வேண்டும். அம்முறையில் எதைப் போற்றலாம்? எதைப் போற்ற இயலாது? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மறுபடியும் வர முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவன் உடனே வர முடியாது. பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குச் சொல்ல வேண்டும், அதிகாரம் ஒரே கையில் தங்கக் கூடாது என்னும் இவ்விரண்டும் எக்காலத்துக்கும் ஏற்றவை. ஆனால் குடத்தில் பெயர் இடப்படுவதற்குக் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அது பிராமணர் சபை. பெண்களுக்கும் உழுகின்ற கூலியாளுக்கும் அதில் இடமில்லை. மேலும் அது வாக்கெடுப்பும் அன்று, திருவுளச் சீட்டு. விரிந்த உள்ளங்கையை நாம் எடுத்துக்கொள்ளலாம். கால் வேலி நிலத்தை விட்டுவிடலாம். முன்னோரை இவ்வாறு சீர்தூக்கிப் பார்க்கக் கற்பதும் குடிமைப் பயிற்சியே ஆகும்.

குடியாட்சி என்றால் பெரும்பான்மையோர் விருப்பப்படி நடப்பது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதியை விளக்க ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு வகுப்பில் 40 மாணவர். வகுப்பறையை நாள்தோறும் கூட்ட வேண்டும். 38 பேர் கை தூக்கி, "மற்ற இருவரே ஆண்டு முழுவதும் கூட்டட்டும்" என்று தீர்மானிக்கிறார்கள். முறையாகக் கூட்டிய கூட்டம். முறையாக எண்ணிய கைகள். இது குடியாட்சியா? இக்கேள்வியை நான் கேட்டபோது முதலில் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, "அந்த இருவரில் நான் ஒருத்தியாக இருந்தால் என்ன செய்வது?" என்றாள். சிரிப்பு அடங்கிவிட்டது. அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகள் என்று ஒரு பகுதி ஏன் இருக்கிறது என்பதற்கு அவள் கேள்வியே விடை.

இது வெறும் கற்பனைக் கணக்கும் அன்று. பொதுக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்று ஊரார் கூடி முடிவு செய்து, ஒரு சாராரை ஒதுக்கி வைத்த நாடு நம்முடையது. அந்த முடிவுகளுக்குப் பின்னால் ஆட்பலம் இருந்தது, வழக்கம் இருந்தது, நியாயம் ஒன்றுதான் இல்லை. பொதுக் கிணறும் குளமும் சாலையும் எல்லோர்க்கும் உரியவை என்று 15ஆம் பிரிவும், தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 17ஆம் பிரிவும் கூறுகின்றன. எத்தனை கைகள் உயர்ந்தாலும் கடக்கக் கூடாத கோடுகள் இவை. அக்கோட்டை யாரேனும் கடந்தால் தனி ஒருவனே உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்பது 32ஆம் பிரிவு. அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராக இருந்த டாக்டர் அம்பேத்கர், இந்தப் பிரிவையே அரசியலமைப்பின் உயிராக மதித்தார்.

அந்தக் கதவைப் பள்ளிக் குழந்தைகளே தட்டிய வழக்கு ஒன்று உண்டு. 1985ஆம் ஆண்டு கேரளத்தில் ஒரு பள்ளியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் படித்து வந்தனர். காலையில் நாட்டுப்பண் பாடும்போது அவர்கள் ஒழுங்காக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். தம் கடவுளைத் தவிர வேறெதனையும் பாடி வழிபடலாகாது என்பது அவர்கள் சமயத்தின் கொள்கை. பல நாட்கள் யாரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அது நாட்டுப்பற்று இன்மை என்று பேசப்பட்டது. குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உயர் நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

தீர்ப்பைச் சொல்லுமுன் நான் என் வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாடச் சொல்வேன். பள்ளியின் பக்கம் பேசுவோர், "நாடு எல்லோர்க்கும் பொது, பண்ணும் பொது, ஒருவர் பாடாவிட்டால் நாளை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள்" என்பார்கள். குழந்தைகளின் பக்கம் பேசுவோர், "எழுந்து நின்றவர்கள் அவமதித்தார்கள் என்று எப்படிச் சொல்லலாம்?" என்பார்கள். இரண்டு வாதத்திலும் பொருள் உண்டு. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் நீதிபதி சின்னப்ப ரெட்டி தீர்ப்பு வழங்கினார். நாட்டுப்பண்ணை ஒவ்வொருவரும் பாடியே ஆக வேண்டும் என்று கட்டளையிடும் சட்டம் உண்டா என்று பார்த்தார், இல்லை. 1971ஆம் ஆண்டின் சட்டம், பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பதையுமே குற்றமாக்குகின்றது. மரியாதையோடு எழுந்து நிற்பது அவமதிப்பு ஆகாது. சட்டத்தின் துணையில்லாத அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று, பேச்சுரிமையையும் மனச்சான்றின் உரிமையையும் பறிக்க இயலாது. ஆகவே குழந்தைகளை மறுபடியும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பை எல்லா மாணவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் இல்லை. ஆனால் அதில் ஒரு முறை இருக்கிறது. நீதிபதி தமக்குப் பிடித்தது எது என்று கேட்கவில்லை. ஊரார் சினம் எவ்வளவு என்று அளக்கவில்லை. "இதற்குச் சட்டம் எங்கே?" என்று கேட்டார். பெரிய அலுவலரானாலும் அவர் தரும் கட்டளைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்க வேண்டும். அச்சட்டத்துக்குப் பின்னால் அரசியலமைப்பின் இசைவு இருக்க வேண்டும். சட்டத்தின் ஆட்சி என்று நூல்கள் கூறுவது இதனைத்தான்.

சட்டத்தின் ஆட்சிக்கு மற்றொரு தூண் உண்டு. அது எதிர்த்தரப்பைக் கேட்பது. இதனைக் கற்பிக்க நான் மேல்நாட்டு நூல்களைத் தேடிச் செல்வதில்லை. சிலப்பதிகாரம் போதும். சிலம்பு விற்க வந்த கோவலனைப் பொற்கொல்லன் கள்வன் என்றான். பாண்டியன் அதனை ஆராயவில்லை. சிலம்பு அவனிடம் இருந்தால் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருக என்று ஆணையிட்டான். கோவலன் தன் பக்கத்தைச் சொல்ல அவைக்கு அழைக்கப்படவே இல்லை. பின்னர்க் கண்ணகி வந்து கேட்டபோதுதான் முதன்முறையாக விசாரணை நடக்கிறது. அரசியின் சிலம்பின் பரல் முத்து; கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்ததும் உண்மை தெறித்தது. உண்மை எளிதில் தெரியக்கூடியதாகவே இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. கேட்டிருந்தால் கோவலனும் வாழ்ந்திருப்பான்; பாண்டியனும் வாழ்ந்திருப்பான்; மதுரையும் எரிந்திராது. தன் பிழையை உணர்ந்த அளவில் அரியணையிலேயே உயிர் நீத்தான் என்பதனால், நீதி அரசனையும் கட்டும் என்பதை அவன் அறிந்திருந்தான் என்பது விளங்குகின்றது. அந்த அறிவு ஒரு நாழிகை முந்தி வந்திருக்க வேண்டும்.

இந்தப் பாடம் தமிழ் வகுப்பில் நடந்துகொண்டிருந்த நாட்களில், என் வகுப்பில் ஒரு மாணவியின் விலையுயர்ந்த பேனா காணாமற் போயிற்று. உடனே எல்லோருடைய பார்வையும் கடைசிப் பலகையில் இருந்த ஒரு மாணவன்மேல் விழுந்தது. "அவன் பையைச் சோதியுங்கள், ஐயா" என்று பல குரல்கள். "பாண்டியன் சபை கூடிவிட்டதா?" என்று கேட்டேன். குரல்கள் சற்றே தணிந்தன. பேனாவை இழந்தவள் சார்பில் ஒருவர், ஐயத்துக்கு உள்ளானவன் சார்பில் ஒருவர், கேட்டு முடிவு சொல்ல மூவர் என்று அமைத்தோம். பேனாவைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? அவன் உன் இடத்துக்கு வந்ததைக் கண்டவர் யார்? கண்டவர் எவரும் இல்லை. பின் ஏன் அவனைச் சொன்னீர்கள்? நெடுநேர அமைதிக்குப் பின் ஒருவன், "அவனிடம் நல்ல பேனா இல்லை, ஐயா" என்றான். ஐயத்துக்கு இருந்த ஒரே சான்று அவனுடைய வறுமை. மூவரும் கலந்து பேசி, "சான்று இல்லை, பையைச் சோதிக்க வேண்டியதில்லை" என்றனர். பேனா கிடைத்ததா என்று நீங்கள் கேட்கலாம். கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த மாணவன் மறுநாளும் வழக்கம்போலப் பள்ளிக்கு வந்தான். அன்று பையைச் சோதித்திருந்தால் வந்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது.

வகுப்பறையில் நடந்த அச்சிறு விசாரணைதான் நாட்டின் சட்டத்திலும் இருக்கின்றது. கைது செய்யப்பட்டவனுக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவன் தன் விருப்பப்படி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் அவனைக் கொண்டுவர வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. தடுப்புக் காவல் போன்ற சில விலக்குகள் அதற்கு உண்டு. வழக்கறிஞர் வைக்கப் பொருளில்லாதவர் என் செய்வர் என்ற கேள்விக்கு விடையாக, 1987ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பெண்களும் குழந்தைகளும், தம் வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறலாம். இதனை அறிந்தவர் எத்தனை பேர்? பிரிவின் எண்ணை மறந்தாலும் குற்றமில்லை. 24 மணி நேரம் என்பதையும், இலவச உதவி உண்டு என்பதையும் மறவாதீர்கள். ஒருநாள் அண்டை வீட்டாருக்கு அது தேவைப்படலாம்.

நீங்கள் அமர்ந்திருக்கும் பள்ளிப் பலகைக்கும் ஒரு சட்ட வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, 10 ஆண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்றது. அது நெறிமுறைக் கோட்பாடு. அதனை நிறைவேற்றவில்லை என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 1960ஆம் ஆண்டு வந்தது, போயிற்று. கோடிக்கணக்கான குழந்தைகள் வெளியிலேயே நின்றனர். பின்னர் 1993ஆம் ஆண்டு உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 14 வயது வரை கல்வி பெறுவது வாழ்வுரிமையினின்று பிரிக்க முடியாத உரிமை என்று கூறிற்று. 2002ஆம் ஆண்டின் 86ஆம் திருத்தம் 21அ என்ற பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கிற்று. 2009ஆம் ஆண்டு அதற்கான சட்டம் இயற்றப்பட்டு, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. "முயல வேண்டும்" என்ற சொல் "உரிமை உண்டு" என்ற சொல்லாக மாற 60 ஆண்டுகள் ஆயின. சட்டத்தில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த என்னால் இயலாது.

அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் தடை செய்கின்றது. 21ஆம் பிரிவின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஆசிரியரையும் தலைமையாசிரியரையும் கட்டுகின்ற சட்டம் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது என்பதைக் குழந்தை அறியலாமா? அறிய வேண்டும் என்பதே என் கருத்து.

சிலர் இங்கே தடை எழுப்புவார்கள். "மாணவருக்கு உரிமையைச் சொல்லிக் கொடுத்தால் ஒழுங்கு கெட்டுவிடும், முதலில் கடமையைச் சொல்லுங்கள்" என்பார்கள். கடமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 10 அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. பின்னர் 11ஆவதும் சேர்ந்தது. அவற்றுள் அறிவியல் மனப்பான்மையையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் வளர்த்துக்கொள்வது ஒன்று. ஆகவே கேள்வி கேட்பது குடிமகனின் உரிமை மட்டும் அன்று, கடமையும் ஆகும். மேலும், அச்சத்தினால் வரும் அமைதியை ஒழுங்கு என்று சொல்லலாகாது. ஆசிரியர் முதுகைத் திருப்பியதும் அது கலைந்துவிடுகிறது. தாமே கலந்து பேசி வகுத்த விதியை மாணவர் எளிதில் மீறுவதில்லை. மீறியவனை மற்றவரே கேட்கிறார்கள். கூச்சலிடுவதற்கும் முறைப்படி கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொடுப்பதே ஒழுங்குப் பயிற்சி. முறையாகக் கேட்கும் வழியை அறியாதவன்தான் கல்லெறிகிறான்; அல்லது வாய்மூடி இருந்துவிடுகிறான். இரண்டும் குடியாட்சிக்கு ஊறு.

ஆதலின், மாணவ நண்பர்களே, உங்கள் கைக்கெட்டிய சில செயல்களைச் சொல்கிறேன். வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது, உயரமானவர் என்றும் மதிப்பெண் மிகுந்தவர் என்றும் ஆசிரியரே பெயர் சொல்லும் வழக்கம் இருந்தால், மறைவு வாக்கெடுப்பு நடத்தலாமா என்று பணிவோடு கேளுங்கள். வாக்குச் சீட்டுக்களை எல்லோர் முன்னிலையிலும் உத்தரமேரூரார் போல விரித்த கையோடு எண்ணுங்கள். தலைவரின் வேலை இன்னது, அதிகாரம் இவ்வளவு, காலம் இத்தனை மாதம் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சுற்றுலாவுக்குப் பணம் திரட்டினால் கணக்கையும் அச்சுவரிலேயே ஒட்டுங்கள். தோற்றவர் தம் கருத்தைத் தொடர்ந்து சொல்ல இடம் கொடுங்கள். அடுத்த முறை அவர் வெல்லலாம்.

ஊராட்சியில் வாழ்வோர் கிராம சபைக்குச் சென்று பாருங்கள். தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் முதலிய நாட்களில் அது கூடுகின்றது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர். உங்களுக்கு இன்னும் அந்த வயது ஆகவில்லை. ஆயினும் ஓரமாக அமர்ந்து யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள், வரவு செலவு படிக்கப்பட்டதா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். உங்கள் தெருக் குழாயில் ஏன் நீர் வரவில்லை, உங்கள் பள்ளிக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று அறிய வேண்டுமா? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவர்க்கும் உரியது. மைய அரசின் அலுவலகத்துக்கு 10 ரூபாய்க் கட்டணம் கட்டி ஒரு தாளில் கேள்வியை எழுதி அனுப்பினால், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். மாநில அலுவலகங்களுக்கும் அதே காலவரையறைதான். பெற்றோரின் துணையோடு ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பிப் பாருங்கள். பதினைந்து பக்கம் படித்துத் தெரிந்துகொள்வதை அந்த ஒரு தாள் கற்றுக்கொடுக்கும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். மாணவனைத் தண்டிக்குமுன் அவன் சொல்வதைக் கேட்கிற ஆசிரியர், 22ஆம் பிரிவைக் கரும்பலகையில் எழுதாமலே கற்பித்துவிடுகிறார். காரணம் கேட்டவனை "எதிர்த்துப் பேசாதே" என்று அடக்குகிறவர், அதனை நூறு முறை எழுதிக் கொடுத்தாலும் பயனில்லை. குழந்தைகள் நம் சொல்லைக் காட்டிலும் நாம் முடிவு செய்யும் முறையையே கூர்ந்து பார்க்கிறார்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுள் ஒருவர் நீதிபதி ஆகலாம்; ஒருவர் காவல்துறை அலுவலர் ஆகலாம்; ஒருவர் ஊராட்சித் தலைவர் ஆகலாம்; பலர் எப்பதவியும் இல்லாத வாக்காளராக இருப்பீர்கள். எந்த இடத்தில் இருந்தாலும், ஒருவரைக் குற்றவாளி என்று ஊரே சொல்லும்போது, "அவரைக் கேட்டீர்களா?" என்று வினவுங்கள். ஒரு கட்டளை வரும்போது, "இதற்குச் சட்டம் எங்கே?" என்று வினவுங்கள். இவ்விரு கேள்விகளையும் அஞ்சாமலும் பண்போடும் கேட்கக் கூடியவர்கள் ஓர் ஊரில் பத்துப் பேர் இருந்தால், அவ்வூரில் குடியாட்சி நிலைத்து நிற்கும்.